எந்தப் பிள்ளைக்கும் கதவு மூடாத பள்ளி

பேராக் மாநிலத்தில் பால்மரம் கோலோச்சிய காலத்தில், பல தோட்டங்களின் லயங்களில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை ஒன்றிரண்டு இருப்பதுண்டு. பேச்சு சரியாக வராத பிள்ளை, கால் ஊன்றி நடக்க முடியாத பிள்ளை, எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் எழுத்து மனத்தில் நிற்காத பிள்ளை. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால் வெட்டப் புறப்பட்டுவிடும் தாய், கைக்குழந்தையாக இருக்கும்வரை அந்தப் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார். வயது கூடியதும் பாட்டியின் பொறுப்பில் வீட்டிலேயே விடுவார். "அவனுக்குப் படிப்பு வராது" என்ற ஒரு வாக்கியத்தோடு அந்தப் பிள்ளையின் கல்வி முடிந்துவிடும்.

இன்று அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை இல்லை. கித்தா மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்கிலும், சுங்கை சிப்புட்டிலும், தைப்பிங், தெலுக் இந்தான் போன்ற பட்டணங்களின் மலிவு விலை வீடுகளிலும் குடியேறின. ஆனால், "படிப்பு வராது" என்ற அந்த வாக்கியம் இன்னும் முழுமையாக வெளியேறவில்லை. அந்த வாக்கியத்தை மறுக்கும் கொள்கைதான் உள்ளடக்கிய கல்வி. அதன் பொருள் என்ன? அதைச் செய்துகாட்டும் ஆசிரியர் எப்படி உருவாகிறார்? நம் பிள்ளைகளுக்கு அது எந்த அளவில் கிடைக்கிறது? இவை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்.

கல்யாணப் பந்தியும் வகுப்பறையும்

சிறப்புக் கல்வி, ஒருங்கிணைந்த கல்வி, உள்ளடக்கிய கல்வி ஆகிய மூன்று சொற்களையும் பலர் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு எளிதில் விளங்கும்.

சிலருக்கு அழைப்பே அனுப்பாமல் விட்டுவிடுவது ஒதுக்கல். அவர்களுக்கு வேறொரு வீட்டில் தனியே சமைத்துப் போடுவது சிறப்புப் பள்ளி. அதே கல்யாண மண்டபத்துக்கு அழைத்து, பின்பக்கத்து அறையில் தனிப் பந்தி வைப்பது ஒருங்கிணைந்த கல்வி. எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, பல் இல்லாத தாத்தாவுக்குக் குழைந்த சோறும், இனிப்பு நீர் உள்ள மாமாவுக்குப் பாயசத்துக்குப் பதில் மோரும், சிறு பிள்ளைக்குக் காரமில்லாத கறியும் பார்த்துப் பரிமாறுவது உள்ளடக்கிய கல்வி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே காரத்தைப் பரிமாறினால் அது உபசாரம் ஆகாது. அதுபோல, மாற்றுத் திறனுள்ள பிள்ளையைச் சாதாரண வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, எந்த உதவியும் செய்யாமல் விட்டுவிட்டால் அதை உள்ளடக்கிய கல்வி என்று சொல்ல முடியாது. பிள்ளைதான் பள்ளிக்கு ஏற்ப மாற வேண்டும் என்பது பழைய எண்ணம். பிள்ளைக்கு ஏற்பப் பள்ளியும் மாற வேண்டும் என்பதே இந்தக் கொள்கையின் அடிப்படை.

சிறப்புப் பள்ளிகளே தேவையில்லை என்பதும் இதன் பொருளன்று. கை மொழியில் பேசி வளரும் செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு, அதே மொழி பேசும் நண்பர்கள் வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெய்ல் எழுத்தைக் கற்றுத்தர அதற்கெனப் பயிற்சி பெற்றவர் வேண்டும். தனி ஏற்பாடு தேவைப்படும் இடத்தில் அது இருக்கட்டும். ஆனால், சேர்ந்து படிக்கக் கூடிய பிள்ளையைப் பிரித்து வைக்கக் காரணம் தேடக் கூடாது.

ரோமாபுரியிலிருந்து அடையாறு வரை

இந்தச் சிந்தனை திடீரென்று பிறந்ததன்று. இத்தாலியைச் சேர்ந்த மரியா மாண்டிசோரி 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். ரோமாபுரியில் மனநல மருத்துவத் துறையில் பணியாற்றியபோது, "மூளை வளர்ச்சி இல்லை" என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார். அவர்களுக்குத் தேவை மருந்து மட்டுமல்ல, கற்பித்தலும்தான் என்று முடிவுசெய்தார். கையால் தொட்டு, தடவி, அடுக்கி, கலைத்துப் படிக்கும் பொருள்களைக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலும் தேறினார்கள். எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அவரோ, "இவர்களே இவ்வளவு கற்க முடியுமென்றால், சாதாரணப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகள் ஏன் இன்னும் அதிகம் கற்கவில்லை?" என்று யோசித்தார். அந்த யோசனையின் பலன்தான், 1907இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் அவர் திறந்த குழந்தைகள் இல்லம். இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பெயர்ப்பலகையில் நாம் காணும் மாண்டிசோரி என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

தமிழர்களுக்கு அவரோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார். சில மாதப் பயிற்சிக்காக வந்தவர், இரண்டாம் உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் இருந்தபடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பல வயதுப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் கலந்து படிக்கும் தொடக்கக் கல்வி முறையைக் கொடைக்கானலில்தான் விரிவாக வளர்த்தெடுத்தார். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்த முறை, எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல முறையாக அமைந்தது. உள்ளடக்கிய கல்விக்கு இதைவிடச் சிறந்த வாதம் தேவையில்லை.

பிறகு, 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் யுனெஸ்கோ ஏற்பாட்டில் நடந்த மாநாட்டில் 92 அரசாங்கங்களும் 25 அனைத்துலக அமைப்புகளும் கலந்துகொண்டன. எல்லாப் பிள்ளைகளையும் சாதாரணப் பள்ளிகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற பிரகடனம் அங்கே வெளியிடப்பட்டது. 2006இல் ஐக்கிய நாட்டுச் சபை நிறைவேற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமை ஒப்பந்தம், கல்வியைத் தரும காரியமாகப் பார்க்காமல் உரிமையாக அறிவித்தது. மலேசியா அதனை 2010இல் ஏற்று உறுதிப்படுத்தியது. உலகில் ஏறக்குறைய 24 கோடி பிள்ளைகள் ஏதாவது ஒரு வகைக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்று யூனிசெஃப் 2021இல் கணக்கிட்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ், 1997இல் சிறப்புக் கல்வி விதிமுறைகள் வெளியிடப்பட்டன. அதில் "கற்பிக்கத்தக்க" பிள்ளை என்ற நிபந்தனை இருந்தது. பிறர் துணையின்றித் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு இடம் உண்டு. பல குறைபாடுகள் ஒருங்கே உள்ள பிள்ளைக்கும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இடமில்லை என்பதுதான் அதன் சாரம். அதாவது, உதவி யாருக்கு அதிகமாகத் தேவையோ அவருக்கே கதவு அடைக்கப்பட்டது.

2008இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது. குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் கல்வி முறையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று அதன் 28ஆம் பிரிவு கூறுகிறது. நல்ல சட்டம்தான். ஆனால், மீறுபவருக்கு என்ன தண்டனை என்பதை அது சொல்லவில்லை. பல் இல்லாத சட்டம் என்று மாற்றுத் திறனாளி அமைப்புகள் அதைக் குறைகூறி வருவதற்குக் காரணம் இதுவே.

2013இல் சிறப்புக் கல்வி விதிமுறைகள் திருத்தப்பட்டன. அதே ஆண்டில் தொடங்கிய 2013–2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டம் ஓர் உண்மையை வெளிப்படையாகக் காட்டியது. அப்போது சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 89 விழுக்காட்டினர் சாதாரணப் பள்ளி வளாகத்தில் தனி வகுப்பில் படித்தார்கள். 5 விழுக்காட்டினர் சிறப்புப் பள்ளிகளில் இருந்தார்கள். மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள் 6 விழுக்காடு மட்டுமே. இந்த 6 விழுக்காட்டை 2025க்குள் 75 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது.

2019இல் கல்வி அமைச்சு "நிராகரிப்பு இல்லாக் கொள்கை"யை அறிமுகப்படுத்தியது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்பதற்காக எந்தப் பள்ளியும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே அதன் நோக்கம். 1997இல் அடைபட்ட கதவு, 22 ஆண்டுகள் கழித்துத் திறக்கப்பட்டது என்று சொல்லலாம்.

விழுக்காட்டை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட முடியாது. உள்ளடக்கிய கல்வியில் முழுமை, பகுதி என்று இரு வகை உண்டு. எல்லாப் பாடங்களையும் சாதாரண வகுப்பில் படிப்பது முழுமை. சில பாடங்களுக்கோ புறப்பாட நடவடிக்கைகளுக்கோ மட்டும் சேர்ந்துகொள்வது பகுதி. வாரத்தில் சில மணி நேரம் உடற்கல்விக்குச் சேர்ந்துகொள்ளும் பிள்ளையும், முழு நாளும் சேர்ந்து படிக்கும் பிள்ளையும் ஒரே பட்டியலில் வரக்கூடும். பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, "என் பிள்ளை அந்த வகுப்பில் என்ன கற்கிறான்?" என்பதுதான்.

இரண்டு தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள்

சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே அழைத்துப் போய் உட்கார வைப்பவர் ஆசிரியர். இதற்கு 2020இல் உலகமே பார்த்த ஓர் உதாரணம் உண்டு.

அந்த ஆண்டின் உலக ஆசிரியர் விருதுக்கு 140க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 12,000க்கும் அதிகமானோர் முன்மொழியப்பட்டார்கள். இறுதிப் பத்துப் பேரில் ஒருவர் மலேசியரான சாமுவேல் ஐசையா. பகாங் மாநிலத்தின் முவாட்சாம் ஷா அருகே ரூஞ்சாங் தேசியப் பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்" என்ற எண்ணம் பரவியிருந்த சூழலில் அவர் வேலையைத் தொடங்கினார். உக்குலேலே இசைக்கருவியோடு பாட்டுப் பாடி மொழியைக் கற்றுத்தந்தார். கணினி வசதிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். ஃபுல்பிரைட் உபகாரச் சம்பளத்தில் அமெரிக்காவின் அல்பானி பல்கலைக்கழகத்துக்குச் சென்று மேற்படிப்பு முடித்தார். பட்டணத்தில் வசதியான வேலை தேடாமல் அதே உட்புறப் பள்ளிக்குத் திரும்பினார். இதுதான் இதில் முக்கியமானது.

விருதை வென்றவர் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்த ரஞ்சித்சிங் திசாலே. சோலாப்பூர் மாவட்டத்தின் பரித்தேவாடி கிராமத் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவர் அங்கே போனபோது பாடநூல் பிள்ளைகளின் வீட்டு மொழியில் இல்லை. அந்தப் பிள்ளைகள் கன்னடம் பேசுபவர்கள். அவர் முதலில் அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொண்டார். பாடநூல்களை அவர்களுக்குப் புரியும்படி மாற்றி அமைத்தார். கைத்தொலைபேசியில் படம்பிடித்தால் பாட்டும் பாடமும் திறக்கும் கியூஆர் குறியீட்டைப் பாடநூலில் சேர்த்தார். அந்த முறையைப் பின்னர் மாநில அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

2020 டிசம்பர் 3ஆம் நாள் விருது அறிவிக்கப்பட்டது. அது அனைத்துலக மாற்றுத் திறனாளிகள் நாளும்கூட. பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசில் சரிபாதியை மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்து கொடுப்பதாகத் திசாலே அறிவித்தார். அந்த ஒன்பது பேரில் சாமுவேலும் ஒருவர்.

இந்த இருவருமே சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் அல்லர். அவர்களின் மாணவர்கள் பெரும்பாலும் உடற்குறை உள்ளவர்களும் அல்லர். ஆனாலும், அவர்கள் செய்தது உள்ளடக்கிய கல்விதான். வீட்டு மொழி வேறு, ஏழ்மை, உட்புறம், இனம் என்று எந்தக் காரணத்தாலும் ஒரு பிள்ளை வெளியே நிற்கக் கூடும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்கேற்பத் தம் முறையை மாற்றிக்கொள்பவரே இத்தகைய ஆசிரியர். பேராக்கிலும் தாப்பா, கோப்பேங், சுங்கை சிப்புட் வட்டாரங்களில் செமாய், தெமியார் பூர்வகுடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்னாள் தோட்டக் குடும்பங்களும் அதே வட்டாரங்களில் வாழ்கின்றன. இரு தரப்புப் பிள்ளைகளையும் பற்றி ஒரே வாக்கியம்தான் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது.

தோட்டப்பள்ளி விட்டுச் சென்ற பாடம்

மலாயாவில் முதன்முதலாக நடப்பட்ட ரப்பர் மரங்களில் சில, 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டவை. அந்த மரத்தைத் தொடர்ந்து தமிழ்த் தொழிலாளர்கள் வந்தார்கள். தொழிலாளர்களைத் தொடர்ந்து பள்ளிகள் வந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகைதான். கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். ஆறேழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை எல்லாரும் ஒரே கூரையின் கீழ்.

அந்த ஒற்றை அறைப் பள்ளியில் வசதி இல்லை, பயிற்சி இல்லை. ஆனால், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. ஒரே அறையில் பல நிலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் கட்டாயம் ஆசிரியருக்கு இருந்தது. நாட்டிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் பேராக். இங்கு 134 பள்ளிகள் உள்ளன. தோட்டங்கள் கலைந்ததால் இவற்றில் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகளாகிவிட்டன. மிகச் சில மாணவர்களே உள்ள இடங்களில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒன்றாக வைத்துக் கூட்டு வகுப்பு நடக்கிறது. இதைக் குறையாகவே பேசி வருகிறோம். ஆனால், எட்டுப் பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் தனித்தனியே அறிவார். உள்ளடக்கிய கல்விக்கு அதுதான் முதல் தேவை. சிறிய தமிழ்ப்பள்ளி ஒன்று நல்ல உள்ளடக்கிய பள்ளியாக மாறுவதற்கு, 40 பேர் நிறைந்த பட்டணத்து வகுப்பைவிட வாய்ப்பு அதிகம்.

இருந்தும், நம் பெற்றோருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சிறப்புக் கல்வி வகுப்புகளில் பெரும்பான்மை தேசியப் பள்ளிகளில்தான் உள்ளன. தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றில் மட்டுமே அந்த வகுப்பு உண்டு. வகுப்பைத் திறக்கக் குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை, பயிற்சி பெற்ற ஆசிரியர், தனி அறை, கழிப்பறை வசதி எல்லாம் வேண்டும். சிறிய பள்ளிக்கு அவை எளிதில் அமைவதில்லை. ஆகவே, வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த, பேச்சே தாமதமாக வந்த பிள்ளை, தனக்குப் பழக்கமில்லாத மொழியில் முதல் பாடத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. அக்காவும் அண்ணனும் படிக்கும் பள்ளியில் அவனுக்கு இடமில்லை. அவனுக்கு ஏற்கெனவே இருக்கும் சுமையோடு மொழிச் சுமையும் சேர்கிறது. திசாலே முதலில் செய்த காரியம் பிள்ளைகளின் மொழியைக் கற்றதுதான் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியின் சாதாரண வகுப்பு அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொண்டால், தனி வகுப்பு திறக்கும்வரை அவன் காத்திருக்க வேண்டியதில்லை.

கொம்பும் காலும் குழப்பும்போது

வகுப்பறையில் இது எப்படி நடக்கும்? ஆண்டு இரண்டில் படிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். நன்றாகப் பேசுவான், கதை சொல்வான், கணக்கை வாயால் சொன்னால் விடை கூறுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் தடுமாறுவான். சோம்பேறி என்று பெயர் வாங்கியிருப்பான். அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமமாக இருக்கலாம்.

தமிழ் எழுத்தில் அவனுக்கு எங்கே இடறும் என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். "கெ" என்னும் எழுத்தில் ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால், அதன் ஓசை பின்னால் வருகிறது. "கொ" என்பதில் ஒரே உயிரோசையின் குறி இரண்டாகப் பிரிந்து, மெய்க்கு முன்னும் பின்னும் நிற்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ஓசை அந்த வரிசையில் போவதில்லை. ல, ள, ழ மூன்றும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் கேட்கின்றன. ன, ண இரண்டும் கண்ணுக்கே ஒன்றுபோல் தெரிகின்றன. இதற்குமேல், தமிழ்ப்பள்ளி மாணவன் மலாய், ஆங்கில மொழிகளுக்காக ரோமன் எழுத்தையும் அதே வயதில் கற்கிறான். சாதாரணப் பிள்ளை இதைச் சமாளித்துக்கொள்ளும். இந்தப் பையனுக்கு வழி காட்ட வேண்டும்.

வழி கடினமானதன்று. கொம்பை ஒரு நிறத்திலும் மெய்யெழுத்தை வேறொரு நிறத்திலும் எழுதிக் காட்டலாம். அட்டையில் வெட்டிய எழுத்துகளைக் கையால் நகர்த்திச் சேர்க்கச் செய்யலாம். நம் முன்னோர் மணலிலும் அரிசியிலும் விரலால் எழுதப் பழக்கியது இதற்கு மிகவும் ஏற்ற முறை. ஒரு நாளைக்கு ஒரு வரிசை எழுத்து மட்டும் போதும். தேர்வில் அவன் விடையை வாயால் சொல்ல அனுமதிக்கலாம். இவற்றால் வகுப்பில் மற்றவருக்கு என்ன நஷ்டம்? நிறமிட்ட எழுத்து எல்லாப் பிள்ளைக்கும் உதவும்.

மற்றச் சிரமங்களுக்கும் இப்படியே. செவித்திறன் குறைந்த பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்து, கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய நாளின் வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி மேசையில் ஒட்டுவது, சபைகூடலின் இரைச்சல் தாங்காவிட்டால் ஓரமாக நிற்க விடுவது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் வகுப்பு மாடியில் இருந்தால், மின்தூக்கிக்கு நிதி வரும்வரை காத்திராமல் வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றுவது. இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை.

"என் பிள்ளையின் படிப்பு கெட்டுப் போகாதா?" என்று மற்றப் பெற்றோர் கேட்பது இயல்பு. ஒரே ஆசிரியர், 35 மாணவர்கள், எந்த உதவியாளரும் இல்லை என்றால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. அதனால்தான் உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர் துணை ஆசிரியராக வகுப்புக்குள் வர வேண்டும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும். ஆளையும் திட்டத்தையும் கேட்டுப் பெறுவதே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வேலை. பிள்ளையை வெளியேற்றச் சொல்வதன்று.

இன்னொரு தடையும் விலகியிருக்கிறது. யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில், தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடுமோ என்ற அச்சம் பள்ளிகளுக்கு இருந்தது. 2021இல் அந்தத் தேர்வு அகற்றப்பட்டது. இப்போது தொடக்கப்பள்ளியில் வகுப்புசார் மதிப்பீடு நடைமுறையில் உள்ளது. ஒரு பிள்ளை நேற்று எந்த நிலையில் இருந்தான், இன்று எந்த நிலைக்கு வந்திருக்கிறான் என்று பார்ப்பதே அதன் நோக்கம். மெதுவாக நடக்கும் பிள்ளைக்கு இதைவிட நியாயமான அளவுகோல் இல்லை.

இத்தகைய ஆசிரியர் ஆவதற்கு வழி

பேராக் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1922இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் என்னும் அந்த உயர்கல்விக் கூடத்தில் சிறப்புக் கல்வியிலும் பட்டம் பெறலாம். தமிழ்மொழிக் கல்வியிலும் பட்டம் பெறலாம். ஈப்போ உலு கிந்தாவில் உள்ள ஆசிரியர் கல்விக் கழக வளாகம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலரை உருவாக்கிய இடம். கோலாலம்பூர் செராஸில் உள்ள வளாகத்திலும் சிறப்புக் கல்விப் பயிற்சி உண்டு. எஸ்பிஎம் முடித்த மாணவர் ஆயத்தப் படிப்பையும் நான்காண்டுப் பட்டப் படிப்பையும் முடித்து ஆசிரியர் ஆகலாம்.

இந்தியப் பெற்றோர் பலர் சிறப்புக் கல்வித் துறையை இரண்டாந்தர வேலையாக நினைத்துப் பிள்ளைகளைத் தடுப்பதுண்டு. தமிழ் பேசத் தெரிந்த சிறப்புக் கல்வி ஆசிரியர், தமிழ் பேசத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர், தமிழ் பேசத் தெரிந்த மனநல நிபுணர் நம் சமுதாயத்துக்கு எவ்வளவு தேவை என்பதை, மருத்துவமனையில் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடி நின்ற ஒரு தாயைக் கேட்டால் தெரியும். மருத்துவம், வழக்கறிஞர் தொழில் என்று இரண்டையே திரும்பத் திரும்பச் சொல்லாமல், இந்தத் துறைகளையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவது, காலந்தாழ்த்தக் கூடாது. இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணோடு கண் நோக்குவதில்லை என்றால், "அவங்கப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று தள்ளிப்போடாமல் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தேவைப்பட்டால் அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

இரண்டாவது, மருத்துவர் உறுதிப்படுத்தியபின் ஜேகேஎம் எனப்படும் சமூகநல இலாகாவில் ஓகேயூ அட்டைக்குப் பதிவு செய்ய வேண்டும். செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல குறைபாடு என ஏழு பிரிவுகள் உள்ளன. அட்டை வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள், கல்யாணம் காட்சிக்குத் தடையாகும் என்று பல குடும்பங்கள் தயங்குகின்றன. உதவித் திட்டங்கள் பலவற்றுக்கு அந்த அட்டையே திறவுகோல். சிறப்புக் கல்வித் திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு.

மூன்றாவது, பிறப்புச் சான்றிதழ். தோட்டத்தில் பதிவின்றி நடந்த திருமணங்களின் விளைவாகச் சில குடும்பங்களில் இன்னும் ஆவணச் சிக்கல் இருக்கிறது. ஆவணம் இல்லை, ஆகவே பள்ளி இல்லை என்று வீட்டிலேயே வைத்துவிடாமல், மாவட்டக் கல்வி இலாகாவை அணுகி வழி கேட்க வேண்டும்.

நான்காவது, பள்ளி முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கும் வழி உண்டு. சமூகநல இலாகாவின் கீழ் செயல்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984இல் திரெங்கானுவில் தொடங்கி இன்று நாடு முழுவதும் உள்ளன. உட்கார, நடக்க, தானே உண்ண, உடை உடுத்த அங்கே பயிற்சி தருகிறார்கள்.

ஐந்தாவது, வார்த்தை. தமிழ்நாட்டில் 2010இல் "ஊனமுற்றோர்" என்ற சொல்லை அரசாங்கமே "மாற்றுத்திறனாளி" என்று மாற்றியது. சொல் மாறினால் மட்டும் போதாது என்பது உண்மை. ஆனால், வீட்டில் "லூசு", "மண்டு" என்று அண்ணனே தம்பியைக் கூப்பிட்டால், பள்ளியில் மற்றவர்கள் கூப்பிடுவதை யார் தடுப்பது?

சமுதாயத்தின் பங்கு

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தபோது, சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களையே வாங்கின. வெளியேற்றப்படும் நிலையில் இருந்தவர்களைக் காக்க, ஏழைச் சமுதாயம் ஒன்றுசேர்ந்து செய்த காரியம் அது.

வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்படும் பிள்ளைக்காகவும் அதுபோன்ற முயற்சி வேண்டும். ஆலயங்களும் சங்கங்களும் ஆண்டுதோறும் கல்வி நிதி வழங்குகின்றன; சிறந்த தேர்ச்சி பெற்றவரை மேடையேற்றி மாலை போடுகின்றன. அந்த நிதியில் ஒரு பங்கை, பேச்சுப் பயிற்சிக்குப் போக வாடகை வண்டிக் கட்டணம் இல்லாத தாய்க்கும், காதொலிக் கருவியின் பேட்டரிக்கும், பள்ளி வாசலில் ஒரு சாய்தளப் பாதைக்கும் ஒதுக்கலாம். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி வாரியமும் தன் வட்டாரத்தில் பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கலாம். தோட்டக் காலத்தில் யாரும் எடுக்காத கணக்கு அது. அதை எடுத்துவிட்டால், எத்தனை நாற்காலி போட வேண்டும் என்பது பள்ளிக்குத் தெரிந்துவிடும்.